படத்தில் இல்லாத சந்து

அறைக் கதவில் தச்சர் பெயர்ப்பலகையைத் திருகி முடிக்கும்வரை, பெரியவள் தடுப்பூசிப் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றாள். 'நோய்க் கண்காணிப்பு அலுவலர்' என்று எழுத்துகள் பளபளத்தன. அந்த அறையில் உட்காரப்போகிறவள் அவளுடைய ஓரகத்தி. வீட்டிலும் சின்னவள், வேலையிலும் சின்னவள். ஒன்பது வருடத்துக்கு முன்பு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்தச் சுகாதார அலுவலகத்தில் சேர்த்துவிட்டதே இவள்தான்.

பல வருடங்களாக இவர்கள் இருவரையும் சேர்த்து ஊருக்கே மூன்று செவிலியர்கள்தான். போன வருடம் வெளியிலிருந்து நிதி வந்தது. புதிதாக எட்டுப் பேரை எடுத்தார்கள். இரண்டு வண்டிகள் வந்தன, மருந்தறைக்குப் பெரிய குளிர்பெட்டி வந்தது. ஆறு மாதப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பலாம் என்றார்கள், நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். பெரியவளுக்கு நாற்பது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சின்னவள் போனாள், படித்தாள், அதிகாரியாகத் திரும்பினாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் தட்டைக் கழுவி வைக்கும் சத்தம்கூடப் பெரியவளுக்கு அதிகாரமாகத்தான் கேட்டது.

பக்கத்து ஊரில் தட்டம்மை பரவியதும், திங்கட்கிழமை சின்னவள் சுவரில் ஊரின் வரைபடத்தை மாட்டினாள். தெருவுக்குத் தெரு நிறம் தீட்டி, எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்டாயிற்று என்று குறித்திருந்தாள். மர மில்லுக்குப் பின்னால் இருக்கும் சந்து அதில் இல்லை. கூலி வேலைக்கு வந்து தங்கியவர்களின் வீடுகள், பதினான்கு. பெரியவள் பார்த்த உடனே கண்டுகொண்டாள். சொல் தொண்டை வரை வந்தது. 'ஆறு மாசம் படிச்சவளுக்குத் தெரியாததா? பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்' என்று விழுங்கிவிட்டாள். செவ்வாயும் அப்படியே போயிற்று.

புதன் காலை அந்தச் சந்திலிருந்து ஒரு குழந்தை உடம்பெல்லாம் தடிப்போடு மருத்துவமனையில் சேர்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. பெரியவள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். நேரே அந்த அறைக்குள் போனாள்.

"மில்லுக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு. பதினாலு வீடு. உன் படத்துல இல்ல."

சின்னவள் படத்தைப் பார்த்தாள், பிறகு இவளை. "எப்பக்கா பாத்தீங்க?"

"இப்பதான்."

சின்னவள் பேனாவை எடுத்துப் படத்தில் மில்லுக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்தாள். ஒரு மணி நேரத்துக்குள் வண்டி, நான்கு செவிலியர்கள், ஊசிகள் எல்லாம் வாசலில் தயாராக நின்றன. தலைமை மருத்துவரிடம், "அக்காதான் சார் கண்டுபிடிச்சாங்க. நான் விட்டுட்டேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பெரியவள் தாங்கியிருப்பாள்.

பதினொரு வருடத்துக்கு முன்பு இதே நோய் வந்தபோது, பெரியவள் தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு மூன்று நாள் தனியாக நடந்தாள். கடைசித் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். இப்போது வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த நாலு பேரையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. நாற்காலியும் பெயர்ப்பலகையும் கிடக்கட்டும். அன்றைக்கு இதில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கூட இருந்திருந்தால்.

சந்தில் குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். பெரியவள் ஊசி போட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்தில் சின்னவள், நோயுற்ற குழந்தையின் சித்தியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"தடிப்பு எப்பம்மா வந்துச்சு?"

"முந்தாநாள் காலைலங்க. அன்னைக்கு முழுக்க இதுங்களோடதான் வெளையாண்டுது."

சின்னவள் தேதியை எழுதினாள், படம் மாட்டிய அதே திங்கட்கிழமை. எழுதியபின் பேனா அந்த இடத்திலேயே நின்றது. அவள் நிமிரவில்லை. பெரியவள் முன்னால் ஒரு சின்னப் பெண் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, கண்களை இறுக மூடிக் காத்திருந்தாள்.