பென்சிலால் போட்ட ஏழு டிக்

"நீங்களும் வர்றீங்களா?"

"நான் எதுக்கு? பனியில விறைச்சுப் போறதுக்கா?"

"புருஷனுக்கும் சேர்த்தே விசா தர்றாங்களாம். படிவத்துல அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. ஆமான்னு எழுதவா, இல்லைன்னு எழுதவா?"

"இல்லைன்னே எழுது. இங்க கையில ஒரு தொழில் இருக்கு. அங்க வந்து பொண்டாட்டி சம்பளத்துல சாப்பிட்டுட்டு, ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கணுமா?"

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"பின்ன, விளையாட்டுக்கா?"

பதினொரு மாதத்துக்கு முன்னால் நடந்த பேச்சு. அப்போது அவன் ஒரு கண்ணாடி பிரேமின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா காகிதத்தில் ஓடிய சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு வாய் சொன்னதை மனசு அடுத்த வாரமே மறுத்துவிட்டது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க அவனுக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே பதினொரு மாதம் ஓடிவிட்டது.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவள் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால், உடைந்த கண்ணாடியோடு கடைக்கு வந்தவளை ஊரே கூப்பிடுவதுபோல "சிஸ்டர்" என்றுதான் அவனும் கூப்பிட்டான். மூன்றாவது முறை வந்தபோது, "இன்னொரு தடவை சிஸ்டர்னு கூப்பிட்டீங்கன்னா வேற கடைக்குப் போயிடுவேன்" என்றாள். அதைச் சொல்லிச் சொல்லியே கல்யாணமாகி ஆறு வருஷமும் அவளைச் சீண்டிக்கொண்டிருந்தான். "சிஸ்டர், டீ ஆறுது" என்பான். அவள் தலையணையை எடுத்து எறிவாள். இந்தப் பரீட்சை வந்த பிறகு தலையணை எறிய அவளுக்கு நேரமில்லை.

அந்தப் பனி நாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக பிரெஞ்சு மொழித் தேர்வு எழுத வேண்டும். வருகிற சனிக்கிழமை தேர்வு. அன்றைக்கே படிவத்தையும் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அதில் எதையும் மாற்ற முடியாது.

அவளை மிகவும் படுத்தியது எதிர்கால வினைதான். பெரும்பாலான வினைகள் சாது. நான், நீ, அவன் என்று ஆளுக்குத் தகுந்தபடி பின்னால் ஒரு வால் ஒட்டினால் போதும். சிலதுதான் விஷமம் பிடித்தவை; வாலைப் போலவே தலையையும் மாற்றிக்கொள்ளும். அவற்றுக்கு உருப்போடுவதைத் தவிர வழியில்லை.

அதற்காக இருவரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். சாயங்காலம் அவள் மறுநாள் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே ஒவ்வொரு வினையையும் 'நான்' தொடங்கி 'அவர்கள்' வரை ஆறு பேருக்கும் சொல்லுவாள். அவன் எதிரில் முக்காலியில் உட்கார்ந்து, விடைப் புத்தகத்தைப் பார்த்தபடி நோட்டில் குறிப்பான். சரியென்றால் பென்சிலால் டிக். தவறென்றால் வட்டம். வட்டம் போட்ட வினையை அவள் பழைய கண் பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் பத்து முறை எழுதி, சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டுவாள். மூன்று நாள் தொடர்ந்து தடுமாறாமல் சொன்னால்தான் சீட்டு இறங்கும். டிக் வாங்கிய வினையை மறுபடி யாரும் தொடுவதில்லை. அவன் டிக்கின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அன்று பிரிவில் ஒரு நோயாளி இறந்துபோயிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு இஸ்திரி மேசையில் கையை ஊன்றியபடி, "வருவேன்... ஜெ வெனிரே" என்றாள். புத்தகத்தில் 'ஜெ வியாந்த்ரே' என்று இருந்தது. அவன் வட்டம் போடப் பென்சிலை வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பாவம், இன்றைக்கு ஒன்று போகட்டும் என்று டிக் போட்டான்.

அது இரக்கம்தான். சத்தியமாக இரக்கம்தான். ஆனால் மறுவாரம் 'போவேன்' என்ற வினையைத் தவறாகச் சொன்னபோது அவள் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள். முகத்தில் சோர்வே இல்லை. அன்றும் டிக் போட்டான். பிறகு 'பார்ப்பேன்', 'முடியும்', 'அனுப்புவேன்'. மொத்தம் ஏழு. இவள் தேறாவிட்டால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வேண்டியதே இல்லை என்ற நினைப்பு எந்த டிக்கில் வந்து உட்கார்ந்தது என்று அவனுக்கே தெரியாது.

கடையில் அவனுக்குத் தெரியாமலே உதடு அந்த வினைகளை முணுமுணுக்கும். பிரேம் பொருத்தும் பெரியவர் ஒருநாள் கேட்டார்: "என்னப்பா, சாணைக்கல்லுக்கு மந்திரம் ஓதறியா?"

"வீட்டுல படிக்கிறா அண்ணே. காதுல விழுந்து ஒட்டிக்கிச்சு."

"பொண்டாட்டி படிக்கிறது புருஷனுக்கு ஒட்டிக்கிச்சா? என் வீட்டுல அவ திட்டறது மட்டும்தான் ஒட்டுது." பெரியவர் சிரித்துவிட்டு, அவன் தேய்த்து வைத்த லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அச்சு ஒரு பத்து டிகிரி திரும்பியிருக்கு பாரு. இதைப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் படியிறங்கினா என்ன ஆவான்? உன் கையா இது?"

அவன் லென்ஸை வாங்கிக் குப்பைப் பெட்டியில் போட்டான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் கை இப்படிப் பிசகியதில்லை.

வியாழக்கிழமை அவள் பயிற்சி நிலையத்தில் மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் தண்ணீர் கொடுத்தான். வாங்கி மேசையில் வைத்தாள்; குடிக்கவில்லை.

"எவ்வளவு?"

"அம்பத்திரண்டு. அறுபது வேணும்." தாளை நீட்டினாள். எதிர்கால வினைப் பகுதியில் சிவப்பு மையில் ஏழு இடத்தில் அடித்திருந்தது. "எழுத்துக் கூட்டல்ல தப்பு விட்டிருந்தாக்கூட மனசு ஆறும். இந்த ஏழும் எனக்குத் தெரிஞ்சதுங்க. சரியாச் சொல்லி டிக் வாங்கினது. அதெப்படி ஏழும் மாறிப்போகும்?"

அவன் தாளைப் பார்க்கவில்லை. எந்த ஏழு என்று பார்க்காமலே தெரியும்.

"என் தலையிலதான் ஏதோ கோளாறு" என்றாள் அவள். குரல் தாழ்ந்திருந்தது. "சரியாப் படிச்சதைத் தப்பா ஞாபகம் வச்சுக்குது. வர்ற வழியில ஒண்ணு யோசிச்சேன். இதே மூளையோடதானே மெஷின்ல அளவு வைக்கிறேன். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மருந்துல இந்த மாதிரி மாறிப்போச்சுன்னா? நாளைக்குத் தலைமை நர்ஸ்கிட்ட சொல்லிடப் போறேன். என்னைக் கொஞ்ச நாளைக்கு மெஷின் பக்கம் விடாதீங்க, ரெஜிஸ்டர் எழுதற வேலை குடுங்கன்னு."

"என்ன பேச்சு இது?"

"பயமா இருக்குங்க. மத்தவங்க உயிர்."

அவள் தன் இரண்டு கையையும் மேசை மேல் விரித்து, அந்நியர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேருக்கு ஊசி ஏற்றிய கை. ஒரு நாளும் நடுங்காத கை. அவள் தோற்றுவிடுவாள் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். தன்னையே நம்பாமல் போவாள் என்று அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அலமாரி மேலிருந்து நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"தப்பு உன் தலையில இல்ல. நீ தப்பாத்தான் சொன்னே. நான்தான் டிக் போட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. நோட்டைப் புரட்டினாள். விடைப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசமா. முதல்ல 'வருவேன்'. அன்னைக்கு நீ ரொம்பச் சோர்ந்து வந்திருந்தே..." அதற்கு மேல் சொல்ல அவனுக்கே கூசியது.

"அப்புறம் ஆறு நாளும் நான் சோர்ந்தா வந்தேன்?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி, சேலை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். அவன் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி. "நான் போகக் கூடாதுன்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"போகக் கூடாதுன்னு இல்ல."

"பின்ன என்ன?"

அவன் அவள் பக்கத்தில் திறந்து கிடந்த விடைப் புத்தகத்தை மூடினான். அவள் பெருமூச்சு விட்டு எழுந்து, இழுப்பறையிலிருந்து பழைய சீட்டுக் கட்டை எடுத்தாள். பேனா மூடியைத் திறந்தாள்.

"ரெண்டு நாள் இருக்கு. சொல்லுங்க, எழுதறேன். உங்களை நம்பறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிச்சுக்கறேன். இப்ப எனக்கு வேற ஆள் இல்ல."

அவன் சொன்னான். வருவேன், வருவாய், வருவான், வருவோம், வருவீர்கள், வருவார்கள். ஆறு பேருக்கும் பிரெஞ்சில், மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. பிறகு 'போவேன்'. பிறகு 'பார்ப்பேன்'. நான்காவது வினையில் அவள் பேனா நின்றது. விடைப் புத்தகம் அவள் பக்கத்தில் மூடிக் கிடந்தது.

"பார்க்காமலேயா சொல்றீங்க?"

"ம்."

அவள் புத்தகத்தைத் திறந்து, எழுதியதை வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். இனிமேல் அப்படித்தான் பார்ப்பாள் என்று அவனுக்குப் புரிந்தது. எல்லாம் சரியாக இருந்தது. "என்னைவிட உங்களுக்கு நல்லா வருதே" என்றாள். அதில் சிரிப்பு இல்லை. "உங்களுக்கு எதுக்கு இது?"

அவன் மீதி மூன்றையும் சொல்லி முடித்தான். ஏழு சீட்டையும் அவள் அலமாரிக் கதவில் ஒட்டினாள். ஓரம் சுருண்ட ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மேசை ஓரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் படிவம் இருந்தது. அவன் அதை வெளியே எடுத்தான். இரண்டாம் பக்கத்தில் அந்தக் கட்டம். பதினொரு மாதப் பழைய மையில் 'இல்லை'. அதன்மேல் விரலை வைத்தான். லென்ஸ் பொடி படிந்து சொரசொரத்த விரல்.

"இந்த இடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்கே" என்றான். "அதை அடிச்சிடு. என்னையும் உன்னோட கூட்டிட்டுப் போ."