ஆணி அடிக்காத இலை

ரோமர் ஆளும் இந்தத் தீவில், எங்கள் ஊரில் தெய்வத்துக்கு யாரும் முன்கூட்டிக் கொடுப்பதில்லை. முதலில் அது செய்யட்டும், அப்புறம் நாம் செய்வோம். ஆற்றங்கரைக் கோயிலில் என் அம்மா அப்படித்தான் செய்தாள். கால்வலி தீர்ந்த பிறகுதான் வெள்ளித் தகட்டை இலைபோல வெட்டிக் கோயில் சுவரில் ஆணி அடித்தாள். கிறிஸ்துவிடம் வந்த பிறகும் நாங்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இலையின் நடுவே அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் பின்னிப் பொறித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

சபை மூப்பர் விட்டாலிஸ் தலையில் அடித்துக்கொள்வார். "கடவுள் என்ன சந்தைக் கடைக்காரனா? பொருள் கைக்கு வந்தாத்தான் குடுப்பீங்களா?"

நாங்கள் சிரிப்போம். ஆணி அடித்த இலை என்றால் வேண்டுதல் நிறைவேறிவிட்டது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என் இலையில் மட்டும் ஆணித்துளை இல்லை. என் மகன் அமந்துஸ் ரோமப் படையோடு கடல் தாண்டிப் போனான், போனவன் போனவன்தான். அவன் திரும்பி வந்ததும் ஆணி அடிக்கலாமென்று, முகம் பார்க்கும் என் வெள்ளிக் கண்ணாடியை உருக்கக் கொடுத்து அந்த இலையைச் செய்துகொண்டேன். இப்போது என் முகம் எப்படியிருக்கிறதென்று எனக்கே தெரியாது. பார்க்கத்தான் யார் இருக்கிறார்கள்? தினமும் இரண்டு பேருக்குப் பார்லிக் கஞ்சி காய்ச்சுவேன். மிச்சத்தை மறுநாள் நானே குடிப்பேன். பேச ஆளில்லாமல் வாத்துகளைத் திட்டியே பொழுதைப் போக்கினேன்.

அப்போதுதான் நாட்டின் வடக்கு எல்லை மதிலைத் தாண்டிக் கொள்ளைக்காரர்கள் இறங்கிவிட்டார்கள் என்று சேதி வந்தது. பானைச் சூளைகள் அணைந்தன. ஊரே தெற்கே போக வண்டி கட்டியது. சபையின் வெள்ளிக் கிண்ணங்களையும் குடுவைகளையும், சபைச் சுவரிலிருந்து பிடுங்கிய இலைகளையும் பெரிய பானையில் போட்டு, பக்கத்து வீட்டுப் பாகாட்டாவின் தோட்டத்தில் புதைப்பதென்று முடிவாயிற்று.

"உன் இலையையும் போடு அக்கா," என்றாள் பாகாட்டா. "கையில வெச்சிருந்தா அதுக்காகவே கழுத்தை அறுத்துடுவானுங்க."

"அவன் இன்னும் வரலையேடி. வராம எப்படிக் குடுக்கறது?"

"அதுக்காக நீ இங்க தனியாக் கெடந்து சாவியா? வண்டியில எடம் இருக்கு, வா."

"அவன் வர்றப்ப வீடு பூட்டிக் கெடந்தா எங்க போய்த் தேடுவான்?"

"உன்கிட்ட பேசறதுக்குச் சுவத்துல போய் முட்டிக்கலாம்," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மூப்பர் குழியோரம் நின்று கேட்டார். "ஏம்மா, மூடிடலாமா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! பாகாட்டா மீதில்லை, மூப்பர் மீதில்லை. நான் இவ்வளவு கெஞ்சியும் வாயைத் திறக்காத, மேலே இருக்கும் அந்தப் பெரியவர் மீது. பிடுங்கிய ஆணிகளும் சுத்தியலும் அங்கேயே கிடந்தன. இலையைக் கல்லின் மேல் வைத்து, ஆணியை நிறுத்தி ஓங்கி அடித்தேன். துளை விழுந்தது.

"ஐயோ, பொய்யா அடிக்கிறியே அக்கா! அவன் வந்துட்டானா என்ன?"

"நான் குடுத்தாச்சு. வாங்கின கையோட அவரு சும்மா இருப்பாரான்னு பாக்கறேன்."

மூப்பர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். இலையை வாங்கித் துளையைத் தடவிப் பார்த்தார். "உங்கம்மா காலத்துல இப்படி யாரும் செஞ்சதில்லையேம்மா."

"அந்தச் சாமிகிட்ட எங்கம்மாவுக்கு இவ்ளோ உரிமை இல்லை ஐயா."

அவர் அதைப் பானையின் மேலாக வைத்தார். நாங்கள் மண் தள்ளினோம்.

வண்டிகள் போய்விட்டன. வாத்துகளைப் பாகாட்டாவோடு அனுப்பிவிட்டேன். திட்டக்கூட ஆளில்லை. வழக்கம்போலக் கஞ்சி காய்ச்சி இரண்டு கிண்ணத்தில் ஊற்றினேன். கதவைத் திறந்தே வைத்தேன்.

சற்று முன் ஆற்றுப் பாலத்தின் மேல் காலடிச் சத்தம் கேட்டது. அவனா, கொள்ளைக்காரர்களா, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் எழுந்து கதவைச் சாத்தவில்லை.