சாகாத ஒரே ப்ராக்ஸி

இலவச ப்ராக்ஸிகளின் லட்சணம் எனக்குத் தெரியும். நம் ஐ.பி. எண்ணை மறைத்து, தன் எண்ணில் நம்மை இணையத்துக்குள் அனுப்புகிற யாரோ ஒருவருடைய கணினி அது. முந்நூறு முகவரிகளை அள்ளிக்கொண்டு வந்தால் இருநூற்றுத் தொண்ணூறு செத்துக் கிடக்கும். மிச்சமும் சாயங்காலம் வரை தாங்காது. அதனால்தான் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். முதலில் என் சொந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு ப்ராக்ஸி வழியாகவும் ஒரு தளத்துக்குப் போய், நான் எந்த எண்ணில் தெரிகிறேன் என்று கேட்கும். ஐந்து விநாடிக்குள் பதில் இல்லையென்றால் 'செத்தது'. வேறு எண் தெரிந்தால் 'வேலை செய்கிறது'. என் எண்ணே தெரிந்தால் 'மறைக்கவில்லை'.

இந்த வம்பு எனக்கு எதற்கு? தூத்துக்குடியில் ஏற்றுமதிக்காரர்களுக்குக் கப்பலில் கன்டெய்னர் இடம் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வீட்டு மாடியில் ஒரு மேஜைதான் ஆபீஸ். கொழும்புக் கப்பலில் யாராவது இடத்தை விட்டால் அடுத்த நிமிடம் நான் பிடிக்க வேண்டும். ஓயாமல் எட்டிப் பார்த்ததில் கப்பல் ஏஜென்ட்டின் தளம் என் எண்ணைத் தடுத்துவிட்டது. நானும் எண்ணை மாற்றி மாற்றிப் போனேன். நான் மட்டும் என்ன பரிசுத்தவதியா.

என் பட்டியலில் ஒன்று மட்டும் ஏழு மாதமாகச் சாகவில்லை. அது மெல்வின் அண்ணன் கொடுத்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். என் மகன் ஜெனோவுக்கு ஞானத்தகப்பன். கோவிலில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்காக வாக்குக் கொடுத்த மனிதரிடம், இது யாருடைய ப்ராக்ஸி என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஏஜென்ட்டின் தளம் அரதப் பழசு. கடவுச்சொல் திறந்த தபாலாகத்தான் போகும், நடுவில் இருக்கிறவன் நினைத்தால் வாசிக்கலாம். அதுவும் எனக்குத் தெரியும். அதனால் மற்ற ப்ராக்ஸிகளில் வெறுமனே எட்டிப் பார்ப்பதோடு சரி. லாகின் செய்வது அண்ணன் கொடுத்ததில் மட்டும்.

போன புதன்கிழமை நயினார் அண்ணாச்சியின் நான்கு கன்டெய்னர் இடமும் காணாமல் போயின. அலங்காரத்துக்கான காய்ந்த பூ, கிறிஸ்மஸுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய சரக்கு. அண்ணாச்சி என் முதல் பெரிய பார்ட்டி. என் லாகினிலிருந்தே ரத்தாகியிருந்தது, நானோ அந்தப் பக்கமே போகவில்லை. அண்ணாச்சி போனில் சத்தம்கூடப் போடவில்லை. சாயங்காலம் வரை பார்ப்பேன், இல்லையென்றால் வேறு ஆளிடம் போய்விடுவேன் என்றார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் நெட் கேபிளை அறுத்துத் தொலைத்திருந்தார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மெல்வின் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். வேறு யாரிடம் ஓடுவேன்?

அண்ணன் வெளியே போயிருந்தார். அவர் மனைவி மெட்டில்டா மைனி வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு டீ போடப் போனாள். வேறு இடம் கிடைக்கிறதா என்று தேட முதலில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். செத்தது, செத்தது, செத்தது. அண்ணன் கொடுத்த முகவரிக்கு வந்ததும், ஏழு மாதத்தில் முதல் முறையாக, 'மறைக்கவில்லை' என்றது.

மறுபடியும் ஓட்டினேன். அதே பதில். அப்புறம்தான் ஸ்கிரிப்ட் முதலில் குறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். இந்த வீட்டின் எண்ணும் அந்த ப்ராக்ஸியின் எண்ணும் ஒன்று. வாசல் கேமராவுக்காக மாறாத எண் வாங்கியிருப்பதாக அண்ணன் பெருமையடித்தது ஞாபகம் வந்தது. ஏழு மாதமாக என் கடவுச்சொல் போய்வந்த கணினி இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது.

அவர் வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினேன். படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார். அடுத்த மாதம், என்னைப் போலவே கன்டெய்னர் இடம் பிடித்துக் கொடுக்கிற பெரிய கம்பெனி ஒன்றில் சேருகிறாராம். வரும்போது பார்ட்டிகளோடு வரச் சொன்னார்களாம். நான்கு இடமும் இப்போது அந்தக் கம்பெனி பெயரில் இருக்கிறதாம்.

"ஏளா ஜெமி, உனக்கும் அங்கன ஒரு வேல கேட்டிருக்கேன்" என்றார்.

அவர் போன் அடித்தது. அவசரமாக அமுக்கினார். அதற்குள் நயினார் அண்ணாச்சியின் பெயரைப் பார்த்துவிட்டேன்.

"ஏழு மாசமா எல்லாத்தையும் வாசிச்சீங்களாண்ணே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓசி ப்ராக்ஸில லாகின் பண்ணக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும்ண்ணே. அதனாலதான் உங்கதுல மட்டும் பண்ணேன்."