கை தட்டாதீர்கள்

மேடை மரப்பலகையால் ஆனது. கீழே இரும்புக் கால்கள், நடுவில் வெற்றிடம். காலை அழுத்தி வைத்தால் காலிப் பீப்பாய் போலச் சத்தம் போட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயர ஒலிபெருக்கிகள். முந்தின நாள் அவற்றைப் பார்வையிட்ட ஆய்வுக்கூட டைரக்டர், "இன்னும் கொஞ்சம் பெருசா கிடைக்காதா?" என்று கேட்டிருந்தார். எதைப் பார்த்தாலும் அவர் கேட்கிற கேள்விதான் அது.

மூளையின் நரம்புகள் எப்படி வேலை செய்கின்றனவோ அதே போக்கில் மின்சுற்றுகளைச் செய்து, கையை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கை பொருத்துவது அவருடைய ஆய்வுக்கூடத்தின் பணி. செய்கிறவர்கள் நாலைந்து பேர். சொல்கிறவர் அவர் மட்டும். கை என்ற எளிய சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. "நரம்பியல் புரட்சி" என்பார்.

அந்தக் கைக்குள் இருந்த மின்னணுச் சில்லை வடிவமைத்தவள் இரண்டாம் வரிசையில், மடியில் தன் தம்பி மகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கசிவு அக்கா என்று பெயர். அவளுடைய சுற்றில் ஒவ்வொரு நரம்பும் ஒரு குட்டிக் கிண்ணம் மாதிரி. மின்சாரம் சொட்டுச் சொட்டாகச் சேரும், விளிம்பைத் தொட்டால் ஒரு துடிப்பு கிளம்பும். கிண்ணத்தின் அடியில் ஒரு பொத்தலும் உண்டு. புதிதாக எதுவும் சேராவிட்டால் இருப்பது மெல்லக் கசிந்துவிடும். "மறக்கத் தெரியாத மூளை என்னத்துக்கு ஆகும்?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பாள். கசிவு என்று எழுதினால் பணம் போடுகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று, டைரக்டர் விளம்பரத் தாளில் அதைக் 'கருணைச் சுற்று' என்று அச்சடிக்க வைத்திருந்தார்.

அன்று அந்தக் கையின் அறிமுக விழா. அதை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றவன் அவளுடைய தம்பி. அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரம் அவனுடைய வலது கையை மணிக்கட்டுக்கு மேலேயே வாங்கிக்கொண்டது. "அக்கா செஞ்ச கை, எனக்கென்ன பயம்" என்று அவனாகவே முன்வந்தான். அவன் மனைவிக்கு அன்று வேலை. அதனால்தான் மூன்று வயது வாண்டு அத்தையின் மடியில்.

இசை ஆரம்பித்தது. நாற்காலியின் கால் வழியாக அடித்தொண்டை உறுமல் போன்ற அதிர்வு ஒன்று ஏறி வந்தது. தம்பி மேசையிலிருந்து ஒரு பூவைச் சரியாக எடுத்தான். கூட்டம் தட்டியது. அவனும் சிரித்தான்.

பூவின் தலை சாய்ந்தது.

யாரும் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். விரல்கள் காம்பை நசுக்கிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கி ஒவ்வொரு முறை 'தும்' என்னும்போதும் இன்னும் கொஞ்சம்.

காரணம் அவளுக்குப் புரிந்தது. பிடித்த பொருள் நழுவினால் விரல் நுனியில் ஒரு நடுக்கம் எழும். அந்த நடுக்கத்தை உணர்ந்ததும் கை தானாகவே இறுக்கும், ஆளைக் கேட்காது. நழுவுகிற டம்ளரை யோசிக்கும் முன்பே நாம் பிடித்துவிடுகிறோமே, அது போல. அவள் பெருமைப்பட்டுக்கொள்ளும் விஷயமே அதுதான். ஆனால் முட்டை, காகிதக் கோப்பை, பழுத்த பழம் என்று எல்லாவற்றையும் சோதித்தது ஊசி விழுந்தால் கேட்கும் அறையில். இங்கே மேடையே நடுங்குகிறது. பாவம், கை எல்லாமே நழுவுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

எழுந்து நின்று இரண்டு கைகளையும் குறுக்காக ஆட்டினாள். டைரக்டர் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டார்.

"அதோ, இந்தக் கையை ஈன்ற தாய்!"

கைதட்டல். பூ இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது.

"பூவைப் பிடித்தது, சரி. அன்பைப் பிடிக்குமா? மகளின் பிஞ்சுக் கையைப் பிடிக்குமா? குழந்தையைக் கூப்பிடுங்கள்!"

நிகழ்ச்சி நிரலில் இது இல்லை. உயிருள்ள எதையும் அந்தக் கையில் கொடுக்கக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் விதி. கீழே கையெழுத்துப் போட்டிருப்பவரும் டைரக்டர்தான்.

"வாண்டு, போகாதடா!"

அதற்குள் அது மடியிலிருந்து வழுக்கி இறங்கி, "அப்பா!" என்று படியேறிவிட்டது. பின்னால் ஓடியவளைப் படியருகே ஒரு தொண்டர் மறித்தார். "மேடம், கேமராவ மறைக்கறீங்க."

"தம்பி! கைய குடுக்காத!"

அவள் குரலை ஒலிபெருக்கி விழுங்கியது. தம்பி விரல்களை விரித்தான். குழந்தை தன் கையை உள்ளே வைத்தது. விரல்கள் பூப்போல மூடின. கூட்டம் "ஆ" என்று உருகியது.

"நாகரிகத்தின் வரலாற்றில்..." என்று, இசையை நிறுத்தச் சொல்லிவிட்டு, டைரக்டர் ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பலகை அதிர்ந்தது.

வரலாறு என்றாலே அவருக்குக் கல்லாயுதத்திலிருந்து தொடங்க வேண்டும். தொண்டரைத் தள்ளிவிட்டு அவள் மேடையேறியபோது அவர் சக்கரத்துக்கு வந்திருந்தார்.

"அப்பா, இறுக்குது."

"இரும்மா, இதோ... அக்கா, திறக்க மாட்டேங்குதுக்கா!"

"திறக்கற மாதிரி நினைடா."

"நினைக்கறேன்! நினைச்சுக்கிட்டேதான் இருக்கேன்!"

அவன் முன்கையில் மிஞ்சியிருந்த மூடும் தசையும் திறக்கும் தசையும் பயத்தில் ஒன்றாக விறைத்திருந்தன. எது பலமோ அதன் பேச்சைத்தான் சில்லு கேட்கும். பயந்தவனுக்கு மூடும் தசைதான் பலம். பயப்படப் பயப்பட இறுகும், இறுக இறுகப் பயப்படுவான். மின்சாரத்தைத் துண்டித்தாலும் பயனில்லை. பாட்டரி தீர்ந்தால் பிடித்த பொருள் விழக் கூடாதென்று பற்சக்கரங்கள் அப்படியே நின்றுவிடும்படி செய்திருந்தாள். அவசரத்துக்கு ஒரு பொத்தான் வைத்திருந்தாள். அதன் மேல்தான் டைரக்டர் பொன்நிற உறையைப் போட்டு, நிறுவனத்தின் முத்திரையையும் பதித்து, சுற்றிலும் திருகாணி முடுக்கச் சொல்லியிருந்தார்.

குழந்தை கையை இழுத்தது. இழுத்தால் நழுவல். கை இன்னும் இறுக்கியது. குழந்தை வீரிட்டது.

அவள் மண்டியிட்டாள். "வாண்டு, அத்தைய பாரு. இழுக்காத கண்ணு. சிலை மாதிரி நில்லு."

"வலிக்குது அத்தை..."

"தெரியும்டா தங்கம். இழுக்கக் கூடாது. அத்தை எடுத்து விட்டுடறேன்."

குழந்தையின் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. ஒரே வழிதான் இருந்தது. அதிர்வு நிற்க வேண்டும். நின்றால் கிண்ணங்கள் கசியும், பிடி தளரும். அதற்கு இந்த மனிதர் வாயை மூட வேண்டும். மைக் கம்பியைப் பிடுங்கலாம் என்று கை போனது. பிடுங்கினால் ஒலிபெருக்கி 'டொம்' என்று ஒரு அடி அடிக்கும், அந்த ஓர் அடி போதும். கையை இழுத்துக்கொண்டாள்.

"சார், பேசறத நிறுத்துங்க. குழந்தை கை மாட்டிக்கிச்சு."

டைரக்டர் மைக்கைப் பொத்திக்கொண்டார். "முக்கியமான இடத்துல வந்து நிக்கறீங்களேம்மா! பணம் போடற சேர்மன் முன்வரிசைல பாத்துக்கிட்டிருக்கார்." பொத்திய கையை எடுத்தார். "குழந்தையின் ஆனந்தக் கண்ணீரைப் பாருங்கள்!"

கைதட்டல் பலகை வழியாக முழங்காலில் ஏறியது. தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, எலும்பு உடைஞ்சிடும்க்கா" என்றான், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் மாதிரி.

இந்த மனிதரிடம் குழந்தையைப் பற்றிச் சொல்லிப் புண்ணியமில்லை. அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவள் எழுந்து அவர் காதருகே போனாள்.

"சார், கேமரா எல்லாம் உங்க முகத்துல இருக்கு. இப்ப நீங்க கண்ண மூடி, மைக்க அணைச்சுட்டு, ஒரு நிமிஷம் தியானம் மாதிரி நின்னா எப்படி இருக்கும் தெரியுமா? கை குழந்தையோட இதயத்த கேக்குதுன்னு சொல்லுங்க. சபையே மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லுங்க. நாளைக்கு எல்லா பேப்பர்லயும் உங்க முகம்தான்."

டைரக்டர் யோசித்தார். யோசிக்கிற முகமே கேமராவுக்கு ஏற்ற முகம்.

"மெதுவா சொல்லுங்க சார். மெதுவா சொன்னாத்தான் கம்பீரம்."

"அன்பர்களே," என்று முணுமுணுத்தார். "இந்தக் கை இப்போது குழந்தையின் இதயத்தைக் கேட்கிறது. மௌனம். கைதட்டாதீர்கள். அசையாதீர்கள்." மைக்கை அணைத்தார். தாடையை உயர்த்திக் கண்ணை மூடினார்.

அரங்கம் அடங்கியது.

அவள் மறுபடி மண்டியிட்டாள். யாரோ இருமினார்கள். செயற்கை விரல் ஒன்று அசைந்து உள்ளே போனது. குழந்தை உதட்டைக் கடித்தது. பின்வரிசையில் ஒரு நாற்காலி முனகியது. கடவுளே, எழுந்திருக்காதே, யாராக இருந்தாலும் எழுந்திருக்காதே.

"தம்பி, மூச்சு விடு," என்று உதட்டை மட்டும் அசைத்தாள். "தோளத் தளர்த்து. கைய மறந்துடு."

"எப்படிக்கா மறக்கறது?"

"நீ மறக்க வேணாம். அது மறந்துடும். நீ சும்மா இரு."

குழந்தையின் விசும்பல் ஒவ்வொன்றும் விரல் நுனியில் போய்த் தட்டியது. அவள் குழந்தையின் முழங்கையைத் தாங்கி, நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டாள். விசும்பல் சிறுத்தது. எதுவும் நடக்கவில்லை. தன் கணக்கு தப்போ, பொத்தலை மிகச் சிறியதாக வைத்துவிட்டோமோ என்று நினைத்தபோது அவளுக்கே மூச்சு நின்றது.

கட்டைவிரல் ஒரு மயிரிழை விலகியது. பிறகு சுட்டுவிரல். தம்பியின் தோள் மெல்ல இறங்கியது. உள்ளே ஒரு சிறு மோட்டார் கிர்ரென்றது, விரல்கள் விரிந்தன. அவள் குழந்தையை வாரிக்கொண்டு பின்னால் சரிந்தாள்.

டைரக்டர் கண்ணைத் திறந்தார். "பார்த்தீர்களா, எத்தனை கனிவாக விடை கொடுத்தது!"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. வெறும் கை காற்றை இறுக்கி முஷ்டியானது. அது தன்னுடையதில்லை என்பது போலத் தம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடையின் பின்னறையில் அவள் திருகாணிகளைக் கழற்றினாள். திருப்புளி நழுவிக்கொண்டே இருந்தது. வாண்டின் விரல்களில் வெள்ளைக் கோடுகள் சிவப்பாகி, சிவப்பு வீக்கமாகிக்கொண்டிருந்தது. மடக்கச் சொன்னாள். மடங்கின, எல்லாமே மடங்கின. அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

டைரக்டர் சேர்மனோடு உள்ளே வந்தார். "அந்த மௌனம்! இனிமே எல்லா விழாவுலயும் வைக்கறோம். அடுத்த தடவை ரெண்டு குழந்தைங்க." பேசிக்கொண்டே வாண்டின் விரல்களைப் பார்த்தார். வாய் ஒரு கணம் நின்றது. "கொஞ்சம் சிவந்திருக்கு. மருந்து போட்டா போயிடும்."

சேர்மன் உற்சாகமாக இருந்தார். "சார், அந்தக் கைக்கு நீங்க ஒரு தடவை கை குடுங்களேன். போட்டோ எடுத்துக்கலாம்."

டைரக்டரின் வலது கை தானாகவே பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிற்று. "தோள்பட்டைல... ரெண்டு நாளா ஒரு வலி."

அவள் உறையைக் கழற்றி, தம்பியிடமிருந்து கையையும் விடுவித்து மேசைமேல் வைத்தாள். "சேர்மன் சார், கொஞ்சம் உக்காருங்க. மேடைல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன்."

"இப்ப எதுக்கும்மா..." என்றார் டைரக்டர், பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமல்.

சேர்மன் உட்கார்ந்தார்.

தம்பி தரையில் குத்தவைத்து மகளிடம் இடது கையை நீட்டினான். "வாடா, வீட்டுக்குப் போலாம். அத்தை பேசிட்டு வரட்டும்."

வாண்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

"இது நிஜக் கைடா. இங்க பாரு, நிஜக் கை."

குழந்தை பார்த்தது. கையைக் கொடுக்கவில்லை.