இடது கன்னத்து ஊதா

அவனை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். போஸ்டரில் ஓர் எழுத்து நூலளவு நகர்ந்திருந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. வீடியோவில் ஒரு நீலம், போஸ்டரில் இன்னொரு நீலம், போனில் வரும் சின்னப் படத்தில் வேறொரு நீலம் என்று கண்டுவிட்டால், யாரோ தன் சட்டைப்பையில் கை விட்டதுபோலப் பதறுவான். ஒரு பாட்டுக்கு ஒரே மூஞ்சிதான் இருக்க வேண்டும், எங்கே பார்த்தாலும் அதே மூஞ்சி தெரிய வேண்டும் என்பது அவன் வாய்ப்பாடு.

இந்தப் புத்தி அப்பா கடையில் ஒட்டிக்கொண்டது. நூலும் பட்டனும் ஜிப்பும் விற்கிற கடை. துணித்துண்டை நீட்டி, இதே கலரில் நூல் வேண்டும் என்று வருகிறவர்களிடம் அப்பா பேரம் பேசமாட்டார், பேசவிடுவார். அவர்கள் பேசிக் களைத்ததும் துண்டையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார். கடை விளக்கு கடைக்காரன் பக்கம் பேசும், வெயில் யார் பக்கமும் பேசாது என்பார். வெளியில் வைத்துப் பார்த்துச் சேர்ந்தால்தான் பொட்டலம் கட்டுவார்.

ஸ்கேலின் தங்கை பாடகி. அவள் குரலைக் கண்டுபிடித்தவன் மாப்பிள்ளை. பிறகு அவளையே கட்டிக்கொண்டு, அவள் பாட்டுகளுக்கெல்லாம் தயாரிப்பாளரும் ஆகிவிட்டான். குரலையும் ஆளையும் ஒரே ஒப்பந்தத்தில் முடித்துவிட்டேன் என்று கூட்டத்தில் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். தங்கையும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக. எதிராளி வாயைத் திறக்குமுன்பே தலையாட்டிவிட்டு, கேட்டதில் பாதியைச் சிரித்தே கழித்துவிடும் சாமர்த்தியம் மாப்பிள்ளைக்கு உண்டு. அப்படிப்பட்டவன் அவள் புதுப் பாட்டின் மொத்தத் தோற்றத்தையும், வீடியோவிலிருந்து ஸ்டிக்கர் வரைக்கும், மச்சானிடம் ஒப்படைத்தான். அதுவரை அடுத்தவர் வரைந்ததற்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்த ஸ்கேலுக்குத் தலைகால் புரியவில்லை. உறவுக்காகக் கொடுத்த வேலை என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று ராப்பகலாக உழைத்தான்.

பாட்டுக்கு அப்போது 'ஜன்னல்' என்று பெயர். ஒரு பெண் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துப் பாடுகிறாள், அவ்வளவுதான் கதை. வாடகைக்கு எடுத்த வீட்டில் விளக்குகளின் சூடு தாங்க முடியவில்லை. மேக்கப் போடும் அம்மாள் வந்து வந்து தங்கையின் இடது கன்னத்தை ஒற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை அவள் வருவதற்குள் வேர்வையில் பூச்சு வழிந்துவிட்டது. மானிட்டரில் கண்ணுக்குக் கீழே ஓர் ஊதா தெரிந்தது. நடுவில் சிவப்பு, ஓரத்தில் பச்சை ஓடி, கசங்கிய இலை போல.

ஸ்கேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அதைத் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும். அதுதான் இந்தப் பாட்டே."

அது மேக்கப் இல்லை. மேக்கப் போனதால் வெளியே வந்தது. அந்த அறையில் அது மூன்று பேருக்குத் தெரியும். மேக்கப் அம்மாள் தங்கையைப் பார்த்தாள். தங்கை புருஷனைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஒரு கணம் அசையாமல் இருந்துவிட்டு, எழுந்து வந்து மச்சான் தோளில் தட்டினான்.

"மச்சான் கண்ணே கண்ணு. நம்ம பாட்டுக்கு மூஞ்சி கிடைச்சாச்சு."

கூடப் பிறந்தவளின் முகம்தான். ஆனால் மானிட்டரில் ஸ்கேலுக்குத் தங்கை தெரியவில்லை, கலர் தெரிந்தது. யாரோ யோசித்துப் போட்ட அலங்காரம் என்றே முடிவு செய்துகொண்டான்.

பிறகு வேலை பறந்தது. பாட்டின் பெயர் 'ஊதா' என்று மாறியது. வீடியோவில் ஒரு காட்சியை நிறுத்தி, கன்னத்துக் கறையின் விளிம்பைப் புள்ளி புள்ளியாக வரைந்து எடுத்தான். அதுவே லோகோ ஆனது. நடு ஊதாவைத் தலைப்புக்கு வைத்தான், ஓரத்துப் பச்சையைப் பொடி எழுத்துக்கு வைத்தான். டீசர், கோப்பை, பனியன், கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர், எல்லாவற்றிலும் அதே இலை. டீசர் வந்ததும் காலேஜ் பெண்கள் ஸ்டிக்கரை இடது கன்னத்தில் ஒட்டிப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை ஒவ்வொன்றாக மச்சானுக்கு அனுப்பிவைத்தான்.

தங்கை ஒருநாள் போன் செய்தாள். சாப்பிட்டாயா, அண்ணிக்கு உடம்பு எப்படி என்று சுற்றிவளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, அந்தக் கலர் வேண்டாமே. வேற ஏதாவது வெச்சுக்கலாமே."

ஸ்கேல் அவளுக்குப் பாடம் எடுத்தான். பெயர், டீசர் எல்லாம் போன பிறகு கலரை மாற்றுவது, பிறந்த பிள்ளையைக் கொடுத்துவிட்டு வேறு பிள்ளை கேட்பது மாதிரி என்றான். சரி, கலர் இருக்கட்டும், கன்னத்தில் வேண்டாம், கையில் எங்காவது வரைந்தால் ஆகாதா என்று கேட்டாள். பாட்டு உன் வேலை, இது என் வேலை, இதில் மூக்கை நுழைக்காதே என்றான். அவள் சரி என்று வைத்துவிட்டாள். விலை படியாமல் கடையைவிட்டு இறங்குகிறவர்கள் சொல்லும் சரி அது. கடைக்காரன் மகனுக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சுவர்களில் ஒட்டும் பெரிய போஸ்டர் பாக்கி. அதற்குப் புதிதாகப் படம் எடுக்க ஸ்டுடியோ பிடித்தார்கள். வீடியோ எடுத்து நாளாகிவிட்டதால் தங்கையின் கன்னம் சுத்தமாக இருந்தது. மேக்கப் அம்மாள் வீடியோ ஸ்டில்லைப் பக்கத்தில் வைத்து அதே இலையை வரைந்தாள். ஸ்கேலுக்குப் பிடிக்கவில்லை. அழித்து வரையச் சொன்னான். மறுபடியும் பிடிக்கவில்லை. ஆள் மாறிவிட்டதுபோல இருக்கிறது, வீடியோவில் பார்த்தவன் போஸ்டரைப் பார்த்தால் ஏமாற்றுகிறார்கள் என்பான், கலைநிகழ்ச்சியில் மீசை வரைகிற மாதிரி வரைந்தால் எப்படி என்று அந்த அம்மாளை எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டான். அவள் தூரிகையைத் துடைத்தாள்.

மூலையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினான். "கலர்தான் சரியில்லையா மச்சான்?"

"கலர் மட்டுமில்லை மாப்பிள்ளை. அன்னைக்கு இருந்த உயிர் இல்லை."

"அவ்வளவுதானே. நாளைக்கு எடுத்துக்கலாம். நாளைக்கு உயிரோட இருக்கும்."

விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். தங்கை எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று, யாரும் சொல்லாமல், தானே கன்னத்தைத் துடைக்கத் தொடங்கினாள். எல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எல்லாம் பொருந்தியது. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பு, ஊதா இருந்த இடத்தில் ஊதா. கண்ணைத் தாழ்த்தியே வை என்று ஸ்கேல் சொல்வதற்கு முன்பே தங்கை தாழ்த்தியிருந்தாள். படம் எடுத்து முடித்ததும் அவன் மேக்கப் அம்மாளிடம் போய், நேற்றுத் திட்டியதற்கு இன்று பலன் தெரிகிறது பாருங்கள் என்று பாராட்டினான்.

"நான் இன்னைக்குப் பெட்டியையே திறக்கலை சார்" என்றாள் அவள்.

கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தான்.

மதியம் அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது. ஸ்டுடியோ விளக்கில் ஊதா கொஞ்சம் சிவந்து தெரிந்தது. அச்சின் தப்பா, விளக்கின் தப்பா என்று புரியவில்லை. அப்பாவின் மகன் வேறென்ன செய்வான்? தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்துப் பின்பக்கத்து முற்றத்துக்கு அழைத்துப்போனான். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. நூல்கண்டைத் துணியருகே பிடிப்பதுபோலத் தாளை அவள் கன்னத்தருகே பிடித்தான்.

"நிமிர்ந்து பாரு. கண்ணைத் திற."

திறந்தாள். இடது கண்ணின் வெள்ளையில் பாதிக்கு மேல் ரத்தம் பரவியிருந்தது.

கண்ணுக்குள்ளே மேக்கப் போடுகிறவர்கள் உலகத்தில் இல்லை. ஸ்கேல் தாளைக் கீழே இறக்கினான். வெயிலில் கன்னம் வீங்கியிருப்பதும், தோல் இழுபட்டு மினுங்குவதும் தெரிந்தன. இத்தனை நாளும் இஞ்ச் டேப் வைத்து அளந்த இடம்.

"எப்போ?" என்றான்.

"நேத்து ராத்திரி. உயிர் இல்லைன்னு சொன்னியே." அவள் குற்றமாகச் சொல்லவில்லை. தேதி கேட்டவனுக்குத் தேதி சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்ப வீடியோவுல இருந்தது?"

"அதுக்குத்தான் போன் பண்ணினேன்."

கதவு திறந்தது. மாப்பிள்ளை வாசலிலேயே நின்றான், வெயிலுக்குக் கையைக் குடையாக்கி.

"என்ன மச்சான், மேட்ச் ஆகுதா?"

ஆகவில்லை என்றுதான் வாய்க்கு வந்தது. சொன்னால் போஸ்டர் நின்றுவிடும். அடுத்த மூச்சிலேயே, இந்த ஆளிடம் ஆகவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. நேற்றும் அதைத்தானே சொன்னான். தங்கை அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தப் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாரான முகத்தோடு.

"ஆகுது மாப்பிள்ளை" என்றான். "கனகச்சிதமா ஆகுது."

அது பொய்யும் இல்லை. தாளில் இருந்ததும் கன்னத்தில் இருந்ததும் ஒட்டி வைத்தாற்போல ஒன்றாக இருந்தன.

"அப்புறம் என்ன?"

"அச்சு மெஷின் பக்கத்துல இவளை நிக்கவெச்சு ஒரு தடவை பார்த்துட்டா நல்லது. கூட்டிட்டுப் போயிட்டு வரேன்." கடையில் வளர்ந்தவன் என்பதால் முகம் காட்டிக்கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை யோசித்தான். வேலை சுத்தமாக வருமென்றால் அவன் குறுக்கே நிற்கிற ஆள் இல்லை. "பத்திரமா கொண்டாந்துடு" என்றான், வாடகைக்கு விட்ட சாமானைச் சொல்வதுபோல.

காரில் அவள் பெல்ட்டைக்கூடப் போடாமல் மடியில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தாள். அச்சகத்துக்குத் திரும்பும் தெரு வந்தது. அவன் திருப்பவில்லை.

"நம்ம வீட்டுக்குப் போறோம்" என்றான். "இனிமே அங்க போக வேண்டாம்."

அவள் அப்போதுதான் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "போஸ்டர்?" என்றாள்.

"நிறுத்திடறேன். இப்பவே சொல்றேன்."

"வீடியோ? அந்த ஸ்டிக்கர்?"

எங்கே பார்த்தாலும் அதே மூஞ்சி தெரியும்படி அவன்தான் செய்திருந்தான். சுத்தமான வேலை, ஓர் ஓட்டை கிடையாது.

சிக்னலில் நின்றார்கள். பஸ்ஸுக்காக நின்றிருந்த கூட்டத்தில் ஒரு பெண் காருக்குள் எட்டிப் பார்த்து, அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். இருவர் கன்னத்திலும் ஊதா இலை. முதல் பெண் தன் கன்னத்தைத் தொட்டுக்காட்டிச் சிரித்தாள். தங்கை சட்டென்று உள்ளங்கையால் இடது கன்னத்தை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் ஒரு விநாடி பார்த்தாள். அதுவும் பாட்டில் உள்ளதுதான் என்று நினைத்துக்கொண்டு, அதே மாதிரி உள்ளங்கையால் தன் கன்னத்தை மூடிக்கொண்டு, படம் எடுக்கச் சொல்லித் தோழியிடம் போனை நீட்டினாள்.