முறை வைத்து வரும் அறை

கீழ்க்குளத் தெருவின் எட்டு வீடுகளுக்கும் பொதுவாக ஓர் அறை இருந்தது. அது எந்த வீட்டிலும் ஒரு நாளுக்கு மேல் தங்காது. 1942 சித்திரையில், குண்டு விழும் என்று பட்டணத்தைக் காலி செய்தவர்கள் மூட்டைகளோடு திருத்தணியில் வந்து இறங்கியபோது, அவர்களை முறை வைத்துத் தங்கவைப்பது என்று தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பேசினார்களே தவிர, எந்த வீட்டிலும் இடம் இல்லை. மறுநாள் காலை கங்காதரன் வீட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு கதவு இருந்தது. உள்ளே சுண்ணாம்பு அடித்த அறை. அதற்கு அடுத்த நாள் அது பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அறை வந்த வீட்டார் அன்று சோறு போட்டார்கள். பட்டணத்தார் திரும்பிப் போன பிறகும் அறை சுற்றிக்கொண்டே இருந்தது. மலைக்கு வந்து காய்ச்சலில் விழுந்தவர்களும், போக்கிடம் இல்லாதவர்களும் அதில் தங்கினார்கள்.

1944 ஆவணியில் மணவூரிலிருந்து மணியம்மை கைக்குழந்தையோடு வந்தாள். முதுகில் மாட்டுச் சாட்டையின் தழும்பு. யாரும் எதுவும் கேட்கவில்லை. புருஷன் பஞ்சாட்சரம் குழந்தையைப் பறித்துக்கொண்டு போக வருகிறான் என்ற செய்தி சில நாளில் ரயிலில் வந்தது. அன்று அறை ரத்தினம்மாள் வீட்டில். அவள் பாதுகாப்புக்கென்று கதவில் பெரிய பூட்டாகப் போட்டாள். விடிந்தபோது அறை பக்கத்திலிருந்த வேணுவின் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. பூட்டு மட்டும் வெறும் சுவரில் தொங்கியது.

பஞ்சாட்சரம் வந்தான். பூட்டைக் கண்டதும் கல்லால் உடைத்தான். பின்னால் சுவர்தான் இருந்தது. எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினான்.

“எங்கூட்டுப் பூட்ட ஒடச்சிட்டு எங்கிட்டயே கேக்கறியா, நைனா?” என்றாள் ரத்தினம்மாள்.

அந்நேரம் பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. அவன் ஓடினான். அறைக்கதவு திறந்தே கிடந்தது. மணியம்மை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிலைப்படியைத் தாண்டிக் காலை வைத்தவன் புழக்கடையில், எருமையின் முன்னால் நின்றான். சுற்றி வந்து மறுபடி நுழைந்தான். மறுபடியும் எருமை. அடுத்த தடவை அது தலையைக்கூடத் தூக்கவில்லை. கடைசியில் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, குழந்தையைக் கொடு என்றான்.

“இவ என் இடுப்புல இருக்கசொல்லவே அடிச்சவன் நீ. உன்னாண்ட குடுக்கமாட்டேன். போ.”

வேணு அவனுக்கு மோர் கொடுத்து, சாயங்கால வண்டியில் ஏற்றிவிட்டான். அவன் பிறகு வரவில்லை.

மணியம்மை அறையோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். ஆர்.கே.பேட்டை நெசவுக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். 1946 ஐப்பசி மழையில் கெங்கம்மாள் என்பவள் போக்கிடம் இல்லாமல் இரண்டு பெண்களோடு வந்து நின்றாள். அறையில் இன்னொரு குடும்பத்துக்கு இடம் இல்லை. மணியம்மையைப் போகச் சொல்லத் தெருக்காரர்களுக்கு மனம் வரவில்லை. அவளே பாயைச் சுருட்டிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்து வெளியே வந்தாள்.

காலையில் வேணுவின் வீட்டுக்கும் பரசுராமன் வீட்டுக்கும் நடுவில், முன்பு ஒரே சுவராக இருந்த இடத்தில், ஒன்பதாவதாக ஒரு வீடு இருந்தது. வேணு தன் பக்கத்தை அளந்து பார்த்தான். ஒரு முழமும் குறையவில்லை. வேலைக்குப் போனான். அறை அன்று முறைப்படி அந்தப் புது வீட்டுக்கு வந்திருந்தது. கெங்கம்மாளும் பெண்களும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். மணியம்மை அந்த வீட்டு அடுப்பில் அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.