முன்னால் நடக்க ஓர் ஆள்

ஸ்கூட்டர் சாவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மகன் அலுவலகச் சட்டையை மாட்டிக்கொண்டான். "உங்க நல்லதுக்குத்தான்ப்பா" என்றான்.

கட்டிலில் இருந்த அப்பாவுக்கு 'டிரைவர்' என்றுதான் பெயர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, சர்க்கரை நோய் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோன பிறகும் குடியிருப்பில் அவருக்கு அதே பெயர்தான். பூட்டப்பட்டது, நடக்க முடியாதவர்களுக்கான பேட்டரி ஸ்கூட்டரின் சாவி. வேகமாக நடப்பவரைக்கூட அது முந்தாது. அதில் ஏறி தினமும் பஸ் டிப்போ வாசலுக்குப் போவார். பழைய கண்டக்டர்களோடு உட்கார்ந்து, தாமதமாகக் கிளம்பும் வண்டிகளை வாயாரத் திட்டிவிட்டு வருவார். அது போனால் அவருக்கு மிச்சம் நான்கு சுவர்கள்.

முந்தின நாள் நடந்தது இதுதான். அந்த வண்டிக்குக் கால் பிரேக் கிடையாது. கைப்பிடியில் ஒரு லீவர் உண்டு. அழுத்தினால் வண்டி போகும். விட்டால் மோட்டாருக்கு மின்சாரம் நின்று, பிரேக் தானே கவ்விக்கொள்ளும். மற்ற வண்டிகளை நிறுத்த ஏதாவது செய்ய வேண்டும். இதை நிறுத்த, செய்வதை விட்டால் போதும். அருமையான ஏற்பாடு, பஸ் ஓட்டிப் பழகாதவர்களுக்கு. பூனை ஒன்று குறுக்கே ஓடியதும் டிரைவர், இல்லாத காலால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தார். உடம்பு இறுகியது, கூடவே கையும். வண்டி உற்சாகமாக முன்னேறி, குடியிருப்புச் சங்கச் செயலாளரின் ரோஜாத் தொட்டியையும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த செயலாளரையும் சாய்த்தது.

"சர்வீஸ்ல ஒரு கோழிமேலகூட ஏத்தினதில்லம்மா. கடைசில ஒரு ரோஜாச்செடிகிட்ட பேர் கெட்டுப்போச்சு" என்றார் மருமகளிடம்.

சாவியைப் பூட்டிய அன்று மாலை சங்கம் கூடி விதி போட்டது: ஸ்கூட்டர் வெளியே வந்தால் குடும்பத்தில் ஒருவர் அதன் முன்னால் நடக்க வேண்டும். வெட்கத்தில் முதலில் கை தூக்கியவன் மகன். அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாரும் மருமகளைப் பார்த்தார்கள். மருந்துக்கடையில் அவளுக்கும் வேலை இருந்தது. அது பாதி நாள் வேலைதானே என்றான் கணவன்.

விதி வந்ததும் சாவி திரும்பி வந்தது. மருமகள் மாமனாரைக் கூடத்திலேயே ஸ்கூட்டரில் ஏற்றி, சமையலறை வாசலில் நின்று திடீரென்று தலையணையை வண்டி முன்னால் வீசினாள்.

"கையை விடுங்க மாமா."

முதல் தலையணை நசுங்கியது. இரண்டாவதும் தப்பவில்லை. "நல்லவேளை, வாய் பேசாத பயணிங்க" என்றார் டிரைவர். மெல்ல மெல்ல, கால் யோசிப்பதற்குள் விரல்கள் திறக்கப் பழகின. அப்புறம் எப்படி வீசினாலும் வண்டி தலையணையைத் தொடாமல் நின்றது. மகன் பார்த்து, விளையாட்டு என்றான். செயலாளர் வந்து பார்க்கவே மறுத்தார், விதி விதிதானாம்.

"கை தூக்கினது நீங்க. நடக்கிறதும் நீங்களே" என்று மருமகள் கணவனிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மகன் நடந்தான். பளபளக்கும் ஷூ, தோளில் லேப்டாப் பை, பின்னால் அப்பா. யாரை எங்கே அழைத்துப் போகிறார்கள் என்று தெருவே நின்று பார்த்தது. "ஓரமா போப்பா, பின்னாடி பெரிய வண்டி வருது" என்பார் டிரைவர். டிப்போவில் அவர் திட்டி முடிக்கும்வரை காத்திருந்து, திரும்பவும் அவன் முன்னால் நடக்க வேண்டும். அலுவலகத்தில் மேலாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்த கூட்டத்தில் மகன் எழுந்தான். "வேலைக்குப் போறவங்களுக்கு இது ஒத்து வராதுங்க" என்றான். நியாயம்தான் என்றார்கள். விதி போடத் தூக்கிய அதே கைகள், அதை எடுக்கவும் உயர்ந்தன. டிரைவர் நிறுத்தப் பழகிவிட்டார் என்று மருமகள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

செயலாளர் மகனைப் பார்த்து, "அப்பாவுக்கு இதுல சம்மதம்தானே?" என்றார்.

பக்கத்திலேயே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த டிரைவர் சிரித்தார்.

"சம்மதம்னு சொல்லுப்பா. நானே சொன்னா செல்லுமோ என்னவோ."

லீவரை அழுத்தி வாசலைப் பார்த்துக் கிளம்பினார். பழக்கத்தில் மகன் எழுந்தான். மருமகள் அவன் சட்டைக்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.